‘கெந்து’ என்ற சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்து ஊர்ச் சொற்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ‘கெந்து’ எப்படியும் வந்துவிடும். முன்பள்ளி ஆசிரியைகள் கேட்பார்கள், வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பவர்கள் கேட்பார்கள், கதை எழுதிப் பழகும் இளையவர்களும் கேட்பார்கள். சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

கெந்துறது எண்டால் என்ன? பாயுறதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு காலை மடித்துத் தூக்கிக்கொண்டு, மற்றக் காலால் எம்பி, அதே காலில் வந்து ஊன்றுவது கெந்துதல். எழும்பிய காலும் இறங்கிய காலும் ஒன்றாக இருக்க வேண்டும். தூக்கிய கால் நிலத்தில் படக்கூடாது. இந்த இரண்டில் எது தவறினாலும் அது கெந்தல் இல்லை.

பாய்தலுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடும் கிடையாது. ஓடிவந்து ஒற்றைக் காலால் உந்தி இரண்டு காலிலும் விழலாம், நின்ற இடத்திலிருந்து இரண்டு காலாலும் எழும்பலாம், வேலிக்கு மேலாலும் போகலாம், கிணற்றுக்குள்ளும் போகலாம். எல்லாம் பாய்தல்தான்.

மூன்று வயதுப் பிள்ளையிடம் கெந்தச் சொல்லிப் பாருங்கள். காலைத் தூக்கும், உடம்பு ஒரு பக்கம் சாயும், உடனே மற்றக் காலை ஊன்றிவிடும். நாலு, ஐந்து வயதில்தான் பொதுவாக ஒற்றைக் காலில் எழும்பி இறங்குகிற சமநிலை வருகிறது. முன்பள்ளி ஆசிரியைகள் பிள்ளைகளைக் கெந்தவிட்டுப் பார்ப்பது வெறும் விளையாட்டுக்காக அல்ல.

‘கெந்தி’ எண்டு தனியா ஒரு விளையாட்டு இருக்கோ, இல்லாட்டி எல்லா விளையாட்டிலையும் வாற அசைவோ?

அசைவின் பெயர்தான் முதலில் வருகிறது. விளையாட்டுகள் அதைத் தங்கள் பெயரில் வைத்துக்கொண்டன. ‘கெந்தித் தொட்டு’ என்றால் பிடிப்பவர் கெந்திக் கெந்தி வந்து மற்றவர்களைத் தொட வேண்டும். ஓடுகிறவர்களுக்கு இரண்டு கால், பிடிக்கிறவருக்கு ஒன்று. இந்தச் சமமின்மையைச் சரிக்கட்டத்தான் விளையாடும் இடத்தைச் சுற்றி எல்லைக் கோடு போடுவார்கள். எல்லை அகன்றால் பிடிப்பவர் களைத்து விழுவார், ஒடுங்கினால் ஓடுகிறவர்கள் இரண்டு நிமிடம்கூடத் தாங்கமாட்டார்கள்.

மற்றது, நிலத்தில் பெட்டி பெட்டியாகக் கோடு கீறி விளையாடுவது. எட்டுக்கோடு என்று சொல்கிறவர்கள் உண்டு, பொதுவாகக் கெந்தி விளையாடுறது என்று சொல்கிறவர்களும் உண்டு. உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்து, கூர் விளிம்பைக் கருங்கல்லில் உரசி மழுங்கவைத்து, முதலாம் பெட்டிக்குள் எறிய வேண்டும். கோட்டில் விழுந்தால் ஆட்டம் போச்சு. சரியாக விழுந்தால் அந்தப் பெட்டியில் மிதிக்காமல் மற்றப் பெட்டிகளைக் கெந்திக் கடந்து, திரும்பி வரும்போது ஒற்றைக் காலில் நின்றபடியே குனிந்து ஓட்டை எடுக்க வேண்டும். ஆட்டத்தின் கடினமான இடம் அந்தக் குனிவுதான். கெந்தி ஓடுகிற வேகத்தை நிறுத்தி, மடித்த காலைப் பின்னுக்கு நீட்டி, கையை முன்னுக்கு விட்டு நிற்கிற அந்த நேரத்தில்தான் பாதிப் பேர் விழுவார்கள்.

நிலத்துக்கு நிலம் ஆட்டமும் மாறும். வலிகாமத்துச் செம்மண் முற்றம் இறுகிக் கிடந்தால் ஓடு வழுக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்கே போய்விடும். ஆகையால் மெதுவாகப் போட வேண்டும். கடற்கரைப் பக்கத்து மணலில் ஓடு விழுந்த இடத்திலேயே நிற்கும். ஆனால் கால் புதையும், கெந்துவது இரட்டிப்பு வேலை, கோடும் சீக்கிரம் அழியும். சீமெந்து நிலத்தில் கரித்துண்டால் கீறினால் கோடு நிற்கும். விழுந்தால்தான் முழங்கால் உரசிப்போகும்.

காலை ஊண்டிப்போட்டு ஊண்டேல்லை எண்டு சொல்லுறதுக்கு ஒரு சொல் இருக்கல்லோ?

அளாப்புதல். “அளாப்பாதை!” என்ற சத்தம் கேட்காமல் கெந்தி விளையாட்டு நடந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. விளையாட்டில் விதியை மீறிவிட்டு மறுப்பது என்பதுதான் அதன் நேர்ப்பொருள். பெரிய ஆட்கள் கொடுக்கல் வாங்கலில் ஏமாற்றுவதற்கும் இதைச் சொல்வது உண்டு. இந்தச் சொல்லையும் கைவிடாமல் வைத்திருங்கள். விளையாட்டில் அளாப்புவதற்கும் உண்மையான களவுக்கும் இடையில் உள்ள தூரத்தை அது சரியாகக் காட்டுகிறது.

கெந்து, கிந்து — எது சரி?

இரண்டும் காதில் விழும். “கிந்திக் கிந்தி வாறான்” என்று சொல்கிற வீடுகளும் இருக்கின்றன. எழுதும்போது ‘கெந்து’ என்று எழுதுங்கள், பரவலாக விளங்கும். மற்ற வடிவத்தைச் சொல்கிற பாட்டியைத் திருத்தப் போக வேண்டாம்.

இந்தியாவிலை நொண்டி எண்டுதானே சொல்லுகினம்? அப்ப கெந்து பிழையான தமிழோ?

இல்லை. தமிழ்நாட்டில் ஒற்றைக் காலில் ஓடுவது நொண்டி அடித்தல். பெட்டி கீறி ஆடுவது பாண்டி, சில்லுக்கோடு என்று ஊருக்கு ஒரு பெயர். (எங்களிடம் சில்லு என்றால் சைக்கிள் சில்லு, வண்டிச் சில்லு. அதனால் ‘சில்லு எறிந்தாள்’ என்று அங்கத்தைய கதையில் வாசித்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை திகைத்துப்போகும்.) நொண்டி அவர்களுக்குச் சரி, கெந்து எங்களுக்குச் சரி. பழைய பெரிய அகராதிகளிலும் கெந்துதல் இருக்கிறது. யாரோ வாய் தவறிச் சொன்ன சொல் அல்ல.

நொண்டிக்குத் தனியான ஒரு இலக்கிய வாழ்க்கையும் உண்டு. நொண்டி நாடகம் என்றொரு நாடக வகை இருந்தது. குதிரை திருடப் போய்ப் பிடிபட்டுக் கால் வெட்டுப்பட்ட ஒருவன் மேடைக்கு வந்து தன் கதையைத் தானே பாடுவான். அவன் பாடிய சந்தம்தான் நொண்டிச் சிந்து. பின்னாளில் பாரதியாரும் அதைக் கையாண்டார். ஒற்றைக் கால் ஆட்டம் பாட்டின் நடையாகவே மாறியது எனக்குப் பெரிய அதிசயம்.

ஆனாலும் இரண்டு சொல்லும் ஒரே அளவு இல்லை. ‘நொண்டு’ என்றவுடன் ஊனம் முதலில் நினைவுக்கு வரும், விளையாட்டு பிறகுதான். ‘கெந்து’ என்றால் எங்கள் காதுக்கு அசைவு முதலில் வரும். நல்ல காலோடு இருக்கிற பிள்ளை வேண்டுமென்றே ஒரு காலைத் தூக்கி ஓடுவதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை. பாடப்புத்தகத் தமிழ் அல்ல என்று நினைத்து இதை விட்டுவிட்டு, ‘ஒற்றைக் காலால் குதித்தல்’ என்று மூன்று சொல்லில் இழுப்பது வீண்.

பாயுறது, துள்ளுறது, தாவுறது, தத்துறது, குதிக்கிறது... எல்லாம் ஒண்டுதானே?

ஒன்றாக இருந்தால் இத்தனை சொல் தங்கியிருக்காது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாய்தலில் தூரமும் வேகமும் உண்டு. இலங்கைப் பாடசாலைகளில் நீளம் பாய்தல், உயரம் பாய்தல், கோலூன்றிப் பாய்தல் என்றுதான் சொல்கிறோம். தமிழ்நாட்டில் அவை நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல். 1958 இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு முதல் தங்கத்தைக் கொண்டுவந்த யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்ந்தார். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் கற்ற அனித்தா ஜெகதீஸ்வரன் இலங்கைச் சாதனை படைத்தது கோலூன்றிப் பாய்தலில். இதே சொல் தண்ணீருக்கும் வரும்: வாய்க்காலில் தண்ணி பாயுது. கோபத்துக்கும் வரும்: “நான் என்ன செய்தனான்? ஏன் என்னிலை பாயுறாய்?”

துள்ளுதலில் தூரம் இல்லை, மகிழ்ச்சியோ திமிறலோ இருக்கிறது. ஆட்டுக்குட்டி துள்ளும், வலையில் மீன் துள்ளும். துள்ளுகிற மாடு பொதி சுமக்கும் என்பது பழமொழி. தாவுதல் ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பற்றுவது: குரங்கு கிளைக்குக் கிளை தாவும், அரசியல்வாதி கட்சிக்குக் கட்சி தாவுவார். உலகை அடியால் அளந்தவனைச் சொல்லும் குறளிலும் (610) ‘அடியளந்தான் தாஅயது எல்லாம்’ என்று வருகிறது. அங்கே தாவுதல் அடியெடுத்துக் கடந்து அளப்பது. குதித்தலில் மேலிருந்து கீழே வருவது முக்கியம். குதிக்கால் என்ற சொல்லிலும் ‘குதி’ இருக்கிறது. தத்துதல் சின்னச் சின்ன எழும்பல். நடை பழகும் பிள்ளை தத்தித் தத்தி வரும், பயிருக்குள் தத்துக்கிளி இருக்கும்.

இத்தனைக்குள்ளும் ‘எத்தனை கால், எந்தக் கால்’ என்று கணக்கு வைக்கிற சொல் கெந்து மட்டும்தான்.

முப்பாய்ச்சல் பழக்கேக்கை சேர் “முதல் கெந்து, பிறகு அடி வை, பிறகு பாய்” எண்டார். ஒரே பாய்ச்சலுக்கை மூண்டு சொல் எதுக்கு?

உங்கள் சேர் மிகச் சரியாகச் சொல்லியிருக்கிறார். முப்பாய்ச்சலின் விதியே அதுதான். பலகையில் எந்தக் காலால் உந்துகிறீர்களோ அதே காலில் முதலில் இறங்க வேண்டும். வலதால் உந்தினால் வலதிலேயே இறக்கம். முதற் கேள்வியில் சொன்ன வரையறையை அப்படியே வைத்துப் பாருங்கள், அது கெந்தல். அடுத்தது இடது காலில் இறங்க வேண்டும். கால் மாறிவிட்டது, ஆகையால் அது கெந்தல் இல்லை, ஒரு பெரிய அடி. மூன்றாவது, மணலில் போய் விழுகிற பாய்தல். முதற் கெந்தலில் கால் மாறி இறங்கினால் அந்த முயற்சி செல்லாது.

1995 ஓகஸ்டில் பிரித்தானிய வீரர் ஜொனதன் எட்வேர்ட்ஸ் சுவீடனில் பாய்ந்த 18.29 மீற்றர்தான் ஆண்களின் உலக சாதனை. அந்தத் தூரத்திலும் முதற் பங்கு ஒரு கெந்தல். எட்டுக்கோடு ஆடிப் பழகிய பிள்ளைக்கு இந்த நிகழ்ச்சியைச் சொல்லிக்கொடுப்பது சுலபம் என்று விளையாட்டு ஆசிரியர்கள் சொல்வதில் ஆச்சரியம் இல்லை.

காலிலை முள்ளுக் குத்தினவர் நடக்கிறதையும் கெந்துறது எண்டுதானே சொல்லுறம்? அது எப்பிடி ஒரே சொல்?

ஆம், இரண்டாவது பொருள் அது. நெருஞ்சி முள் தைத்தாலும், கால் சுளுக்கினாலும், செருப்புக் கடித்தாலும் “ஏன் கெந்திக் கெந்தி வாறாய்?” என்று கேட்போம். இங்கே மற்றக் கால் நிலத்தில் படுகிறது, ஆனால் பாரம் அதில் இறங்குவதில்லை. முழுப் பாரமும் நல்ல காலில். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உடம்பு ஏறி இறங்குவது கெந்துவதுபோலவே தெரியும். சொல் அந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டது.

இது தமிழில் மட்டும் நடந்த காரியமும் அல்ல. கன்னடத்தில் பெட்டி கீறி ஆடும் விளையாட்டின் பெயர் குண்டெபில்லெ. ‘குண்டு’ என்பது அங்கே கெந்துவதற்கும் கால் விந்துவதற்கும் பொது. மராத்தியிலும் இந்தியிலும் ஒற்றைக் காலில் ஓடிப் பிடிப்பது லங்டி. ‘லங்டா’ என்றால் கால் ஊனமுற்றவர். பிள்ளைகள் தாங்கள் கண்ட நடையை விளையாட்டாக்கி, கண்ட சொல்லையே அதற்குப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

அப்ப கால் இல்லாத ஒருத்தரைப் பற்றிக் கதைக்கேக்கையும் கெந்துறார் எண்டு சொல்லலாமோ?

வேண்டாம். சுளுக்கினவருக்கு நாளை சரியாகிவிடும். அவரிடம் சிரித்துக்கொண்டே கேட்கலாம். எங்கள் மண்ணில் மிதிவெடியிலும் எறிகணையிலும் கால் இழந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் காலின் பெயர் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர்கள் விளையாடுவதற்காக ஒரு காலைத் தூக்கவில்லை. விளையாட்டுச் சொல்லை அவர்கள் நடைக்குப் பொருத்தினால், கேட்கிறவருக்கு அது கேலியாகத்தான் படும்.

“அவருக்கு ஒரு கால் இல்லை”, “செயற்கைக் காலோடை நடக்கிறார்” என்று உள்ளதைச் சொல்லலாம். பொதுவாகச் சொல்ல ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல் இருக்கிறது. பட்டப்பெயராக ‘கெந்தி’, ‘நொண்டி’ என்று கூப்பிடுவதைப் பிள்ளைகளிடம் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். சொல் குற்றம் செய்யவில்லை. அதை ஒரு மனிதருக்குப் பெயராக ஒட்டுவதுதான் குற்றம். இதே காரணத்தால் சொல்லையே விலக்க வேண்டும் என்று ஓர் ஆசிரியை கேட்டார். அதற்கு நான் உடன்படவில்லை. விளையாட்டு முற்றத்தில் அது தன் சொந்தப் பொருளில்தான் நிற்கிறது.

கெந்தகத்துக்கும் கெந்துறதுக்கும் சம்பந்தம் இருக்கோ?

இல்லை. கெந்தகம், கந்தகம் என்ற சொல்லின் பேச்சு வடிவம். வடமொழியிலிருந்து வந்தது.

குந்துறதும் கெந்துறதும்?

இன்றைய பயன்பாட்டில் இரண்டும் வெவ்வேறு. குந்துவது காலை மடித்து இருப்பது: “வாசல்லை குந்தியிராதை.” வீட்டு விறாந்தையின் ஓரத்தில் இருக்கப் போடுகிற தாழ்ந்த கட்டும் குந்துதான். ஒன்று அசையாமல் இருப்பது, மற்றது ஒரு காலில் அசைவது. பேச்சில் இரண்டும் குழம்புவதில்லை, எழுதும்போதுதான் கை தவறும். ‘பிள்ளை முற்றத்தில் குந்தி விளையாடியது’ என்று அச்சில் வந்தால் விளையாட்டே மாறிவிடும். குந்தியிருந்து கல்லை எறிந்து பிடிக்கிற கொக்கான் வெட்டினதாக நினைப்பார்கள்.

எட்டுக்கோட்டிலை வாற ‘எட்டு’ எண்ணோ, எட்டி வைக்கிற எட்டோ?

விளையாடுகிற பிள்ளைக்கு அது எண். பெட்டியை எண்ணித்தான் ஆட்டம் நடக்கிறது: “நான் அஞ்சிலை நிக்கிறன், நீ ஏழு.” எட்டி வைத்தல், எட்டாத உயரம் என்று வரும் வினைச்சொல் தனி. இரண்டும் ஒரே ஒலியில் இருப்பதால் கேட்கத் தோன்றும் நல்ல கேள்விதான். ஆனால் கெந்தும்போது எட்டி வைத்தால் கால் மாறிவிடும், ஆட்டத்திலிருந்து விலக வேண்டியதுதான். முப்பாய்ச்சலில் இரண்டாவதாக வரும் அடியை நினைத்துப் பாருங்கள்.

கனடாவிலை பிறந்த மகள் ‘ஹொப்ஸ்கொச்’ எண்டு சொல்லுறாள். அது ஸ்கொட்லாந்து விளையாட்டோ?

ஸ்கொட்லாந்துக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. ‘ஹொப்’ என்றால் கெந்து. ‘ஸ்கொச்’ என்பது பழைய ஆங்கிலத்தில் நிலத்திலோ பொருளிலோ கீறிய கோட்டுக்குச் சொன்ன சொல். ஆக, கோட்டைக் கெந்திக் கடப்பது. எட்டுக்கோட்டையும் கெந்தலையும் ஒன்றாகச் சேர்த்தால் என்ன வருமோ அதுதான். மகளுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தால் இரண்டு மொழியும் ஒரே நாளில் பிடிபடும்.

பிரான்சில் இருப்பவர்களின் பிள்ளைகள் இதை ‘மரெல்’ என்பார்கள். அங்கே முதற் கட்டம் பூமி, கடைசிக் கட்டம் வானம். ஜேர்மன் மொழி பேசும் இடங்களில் ‘ஹிம்மல் உண்ட் ஹோல’, அதாவது சொர்க்கமும் நரகமும். அங்கே நரகம் என்று எழுதிய கட்டத்தில் மிதிக்காமல் பாய்ந்து கடக்க வேண்டும். எங்கள் ஆட்டத்தில் வானமும் இல்லை, நரகமும் இல்லை. பெட்டியை வென்றால் அது உங்கள் வீடு. அதற்குள் இரண்டு காலையும் ஊன்றி ஆறலாம், மற்றவர்கள் அதை மிதிக்காமல் கடக்க வேண்டும். சின்னப் பெண்பிள்ளைகள் தங்கள் வீட்டுக்குள் பூக்கோலம் கீறிவைப்பதும் உண்டு.

பாய்ச்சல் எண்டால் எங்கட வயசுக்காரருக்கு விளையாட்டு ஞாபகம் வராது. இதைப் பற்றி ஏன் ஒருத்தரும் எழுதுறேல்லை?

உண்மைதான். 1993 நவம்பரில் பூநகரியில் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலுக்குத் தவளைப் பாய்ச்சல் என்று பெயர். 1995 யூலையில் இராணுவம் வலிகாமத்துக்குள் முன்னேறிய நடவடிக்கை முன்னேறிப் பாய்தல், அதற்கு எதிராக வந்தது புலிப்பாய்ச்சல். அந்த யூலையில் வீட்டைவிட்டு ஓடியவர்களுக்கு, பாய்தல் என்ற சொல் நீளம் பாயும் மணற்குழியை மட்டும் நினைவூட்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

பாய்தலில் வேகமும் முன்னேற்றமும் இருப்பதால் இரு தரப்பும் அதை எடுத்துக்கொண்டன. கெந்தலை யாரும் எடுக்கவில்லை. போருக்குப் பெயர் வைக்க அது உதவாது. அதனால்தானோ என்னவோ, இந்தச் சொல்லைக் கேட்கும்போது எங்கள் தலைமுறைக்கும் முற்றம்தான் கண்ணுக்குள் வருகிறது. விளையாட்டுச் சொற்களைத் திரும்ப விளையாட்டுக்கே கொண்டுவர வேண்டும் என்றால், ஒரே வழி அவற்றைப் பிள்ளைகளுக்கு முன்னால் தாராளமாகப் புழங்குவதுதான்.

மகன் கட்டுரையிலை ‘தங்கை கெந்தினாள்’ எண்டு எழுத, ரீச்சர் வெட்டிப்போட்டு ‘குதித்தாள்’ எண்டு திருத்திவிட்டா. ஆர் சரி?

மகன் சரி. குதித்தாள் என்றால் தங்கை மதிலிலிருந்து விழுந்தாளோ என்று யோசிக்க வேண்டியிருக்கும். ரீச்சரிடம் சண்டைக்குப் போகாமல், அந்தச் சொல் அகராதியில் இருக்கிறது என்று பணிவாகக் காட்டுங்கள்.

வினை வடிவங்கள் ஒழுங்கானவை. எழுத்தில் கெந்துகிறாள், கெந்தினாள், கெந்துவாள். பேச்சில் கெந்துறாள், கெந்தினவள், கெந்துவாள். ஏவல் ‘கெந்து’. பெயர் கெந்தல் அல்லது கெந்துதல். கெந்திப் போ, கெந்தி வா, கெந்தவிடு என்று எந்தத் துணைவினையோடும் சேரும். ‘கெந்தித்தாள்’ என்று எழுதுவதுதான் பிழை.

கதை எழுதுகிறவர்களுக்கு ஒன்று: பாத்திரங்கள் பேசுகிற இடத்தில் மட்டும் கெந்து வைத்துவிட்டு, நீங்கள் விவரிக்கும் இடத்தில் நொண்டி என்று மாற்றாதீர்கள். எழுதுகிறவருக்கே அந்தச் சொல் கூச்சம் என்று வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

குருவி கெந்துமோ? காகம்? மூண்டு கால் நாய்?

இப்படிக் கேட்பது பிள்ளைகள்தான். கேள்வி கடினம், ஆனால் விடை முதற் கேள்வியிலேயே இருக்கிறது. சிட்டுக்குருவி நிலத்தில் இரண்டு காலையும் சேர்த்து எழும்பி எழும்பிப் போகும். அது தத்துதல். மைனா காலை மாற்றி மாற்றி நடக்கும். காகம் பெரும்பாலும் நடக்கும், அவசரம் வந்தால் பக்கவாட்டில் தத்தும். கங்காரு இரண்டு பின்னங்காலையும் சேர்த்துப் பாயும். இவை ஒன்றும் கெந்தவில்லை. ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கும் கெந்தவில்லை. அது நிற்கிறது, அவ்வளவுதான். எழும்பினால்தான் கெந்தல்.

மூன்று கால் நாய்க்கு மட்டும் இரண்டாவது பொருள் பொருந்தும். அது கெந்தித்தான் போகும். மனிதரைப் பற்றி மேலே சொன்ன கவனம் நாய்க்குத் தேவையில்லை என்றாலும், அதன் சொந்தக்காரப் பிள்ளைக்கு முன்னால் கொஞ்சம் பார்த்துக் கதையுங்கள்.

ரண்டு காலாலையும் கெந்து எண்டு மகள் சொல்லுறாள். திருத்திறதோ, விடுறதோ?

திருத்துங்கள், ஆனால் வாயால் அல்ல. ஒரு காலைக் கையால் பிடித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் நாலு தரம் கெந்திக் காட்டுங்கள். இரண்டு காலையும் சேர்த்து எழும்பினால் அதற்குத் துள்ளு என்று பெயர் சொல்லி அதையும் செய்து காட்டுங்கள். ஒரு மாலைக்குள் பிரித்துச் சொல்லப் பழகிவிடுவாள்.

அப்பு சைக்கிளிலை ‘கெந்தி ஏறுறது’ எண்டு சொல்லுவார். அது இந்தக் கெந்தோ?

இதே கெந்துதான். முந்தின தலைமுறை ஆண்கள் பெரிய சைக்கிளில் ஏறும் முறையைக் கவனித்திருப்பீர்கள். சைக்கிளின் இடப்பக்கம் நின்று, இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் நிலத்தை மூன்று நாலு தரம் தட்டி வேகம் பிடித்து, பிறகு அந்தக் காலைப் பின்னால் சுழற்றி இருக்கைக்கு மேலாகப் போடுவார்கள். நிலத்தைத் தட்டுவது முழுக்க ஒரே கால், மற்றக் கால் நிலத்தில் படுவதில்லை. வரையறை பிசகவில்லை. பெடலில் பாரம் பாதி இருப்பதால் எழும்பல் மட்டும் குறைவு.

சாரம் கட்டியவர் காலைச் சுழற்றுவதற்கு முன் இன்னும் இரண்டு தரம் கூடுதலாகக் கெந்துவார், ஏனென்றால் ஒரு கையால் சாரத்தைப் பிடிக்க வேண்டும். பாடசாலைப் பெடியள் இப்போது இருந்தபடியே உந்திப் புறப்படுகிறார்கள். மோட்டார் சைக்கிளுக்கு இந்த வித்தையே தேவையில்லை. கெந்தி ஏறுகிற ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.